அந்த ஆறு கட்டளைகளின் மேன் பக்கங்களை யார் பார்த்துக்கொள்வது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பாடாங் செராய் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கணினி வேலையைத் தனியாளாகப் பார்க்கிறீர்கள். எடைமேடைப் பதிவு, தொழிலாளர் சம்பளக் கணக்கு, கொதிகலன் பகுதியின் தினப் பதிவு எல்லாம் ஒரே ஸ்டோரேஜ் சர்வரில் இருக்கின்றன. அதை நிர்வகிக்க உங்களுக்கு முன்னால் இருந்தவர் ஆறு கட்டளைகளை (கணினியில் தட்டி ஓட்டும் சிறு நிரல்களை) எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார். இரண்டுக்கு மேன் பக்கம், அதாவது அந்தக் கணினியிலேயே திறந்து படிக்கும் கையேட்டுப் பக்கம், இருக்கிறது, ஆனால் அதில் எழுதியிருப்பதும் கட்டளை இன்று செய்வதும் ஒத்துப்போகவில்லை. மற்ற நான்குக்கும் எழுதச் சொல்கிறார் மேனேஜர். சுருக்க விளக்கம் காட்டும் ஹெல்ப் ஆப்ஷன் இருக்கும்போது மேன் பக்கம் வேறு எதற்கு, எழுதினால் எந்தக் கருவியில் எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், “எழுதினாலும் ஆறு மாதத்தில் பழசாகிவிடுமே” என்று சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். பக்கத்தை எழுதிவிடலாம். அதை யார் உண்மையாக வைத்திருப்பது?

நான் கூலிமில் இருபது வருடத்துக்கு மேலாக ஸ்டோரேஜ் வேலை பார்ப்பவன். பிறந்து வளர்ந்தது உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில்தான். லினக்ஸில் என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே ஃபைல்களைப் பகிர்வது), ஐஸ்கசி (நெட்வொர்க் வழியே வட்டையே இணைப்பது) இரண்டிலும்தான் என் கை பழகியிருக்கிறது. விண்டோஸ் பக்கம் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழே உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவே சொல்கிறேன். என் பழக்கம் மட்டுமே என்றால் பழக்கம் என்று சொல்லிவிடுகிறேன்.

யாருடைய பொறுப்பு என்ற கேள்வி மேன் பக்கம் பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது. யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. பெயர், பயன்பாடு, விளக்கம், ஃபைல்கள், தொடர்புடையவை, பிழைகள் என்று இன்று நாம் காணும் தலைப்புகள் பெரும்பாலும் அதிலேயே இருக்கின்றன. அவற்றோடு ‘உரிமையாளர்’ என்றும் ஒரு தலைப்பு இருந்தது. அந்தக் கட்டளைக்குப் பொறுப்பு யார் என்று அதன் கீழே சுருக்கப் பெயரில் போட்டிருப்பார்கள். பின்னால் அந்தத் தலைப்பு வழக்கொழிந்து போனது. உங்கள் ஆறு பக்கங்களிலும் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஆள் பெயர் வேண்டாம், ஆள் போய்விடுவார். ‘ஆலை கணினிப் பிரிவு, மூலம் இன்ன களஞ்சியத்தில்’ என்று எழுதினால் போதும். களஞ்சியம் என்றால் மூல ஃபைல்களை மாற்ற வரலாற்றோடு வைத்திருக்கும் இடம். உங்களுக்கு முன்னால் இருந்தவர் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால், மூல ஃபைல் எங்கே என்று நீங்கள் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

ஹெல்ப் போதாதா என்றால், ஆப்ஷனின் பெயரை மறந்தவருக்குப் போதும். நடு இரவில், இடி விழுந்து நெட்வொர்க் சுவிட்ச் அணைந்து, எடைமேடையில் லாரிகள் வரிசையாக நிற்கும்போது என்ன செய்வது என்று தெரியாதவருக்குப் போதாது. அவர் கேட்பது வேறு. இந்த எண் நொடியா நிமிடமா? நான் ஒன்றும் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? பாதியில் நின்றுபோனால் டேட்டா என்ன கதி? செய்ததைத் திருப்ப முடியுமா? இந்த நான்குக்கும் ஒற்றை வரி ஹெல்ப்பில் இடம் கிடையாது. மேன் பக்கம் இருப்பதே இதற்குத்தான்.

அளவு சரியாக எழுதப்படாததால் என்ன ஆனது என்று என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ராத்திரி பேக்கப்பை என்எஃப்எஸ் மூலம் இன்னொரு சர்வருக்கு அனுப்பும் சின்னக் கட்டளை ஒன்றை எழுதினேன். அதற்கு மேன் பக்கமும் நானே எழுதினேன். மவுண்ட் செய்யும்போது, அதாவது இன்னொரு சர்வரின் ஃபோல்டரை நம் கணினியில் இணைக்கும்போது, டைமியோ என்று ஓர் ஆப்ஷன் கொடுப்போமே, பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று, அதற்கு 60 கொடுத்திருந்தேன். என் பக்கத்தில் “ஒரு நிமிடம் காத்திருக்கும்” என்று எழுதியிருந்தேன். டைமியோவின் அளவு நொடி அல்ல, நொடியில் பத்தில் ஒரு பங்கு. என்எஃப்எஸ்ஸின் 5-ஆம் பிரிவு மேன் பக்கத்தில் அது தெளிவாக இருக்கிறது. ஒரு நிமிடம் வேண்டுமென்றால் 600 போட வேண்டும். நான் போட்டது 6 நொடி. அதோடு சாஃப்ட் என்ற ஆப்ஷனையும் சேர்த்திருந்தேன். சாஃப்ட் என்றால் சில தடவை முயன்றுவிட்டு, முடியவில்லை என்று எழுதும் நிரலுக்கே பிழையைத் திருப்பிவிடும். ஹார்ட் என்றால் சர்வர் திரும்பும்வரை விடாமல் முயலும். டிஃபால்ட், அதாவது நாம் ஒன்றும் கொடுக்காவிட்டால் எடுத்துக்கொள்வது, ஹார்ட்தான். சாஃப்டால் டேட்டா சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம் என்று அதே பக்கம் எச்சரிக்கிறது.

ஒரு ராத்திரி சுவிட்ச் மறுபடி துவங்க ஒன்றிரண்டு நிமிடம் எடுத்தது. பேக்கப் பாதியில் அறுந்தது. என் ஸ்கிரிப்ட் பிழையைச் சரியாகக் கவனிக்கவில்லை, அடுத்த ஃபைலுக்குப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்கப் போனபோதுதான் பாதி ஃபைல் என்று தெரிந்தது. இடைப்பட்ட நாட்களில் என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த நேர அளவைப் பற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறார். பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். “ஒரு நிமிடம்” என்று இருந்ததால் நிம்மதியாக மூடிவிட்டார். பக்கமே இல்லாமல் இருந்திருந்தால் அவர் சோதித்துப் பார்த்திருப்பார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் அதன் அளவு இல்லாமல் நான் எழுதுவதில்லை. ஐஸ்கசியில் இணைப்பு அறுந்தால் காத்திருக்கும் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட்டின் டிஃபால்ட் 120, அது நொடிக் கணக்கு. ஒரே சர்வரில் ஒரு கருவி நொடியில் பேசுகிறது, இன்னொன்று பத்தில் ஒரு நொடியில் பேசுகிறது. உங்கள் ஆறு கட்டளைகளும் இரண்டையும் தொடுகின்றன என்றால், எண் வரும் ஒவ்வொரு இடத்திலும் அளவையும் டிஃபால்டையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பழசாவது எப்படி என்றும் பார்க்க வேண்டும். ஆப்ஷன் புதிதாகச் சேர்ந்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். டிஃபால்ட் மாறினால்தான் யாருக்கும் தெரியாது. எந்த ஃபோல்டரை யாருக்குப் பகிர்வது என்று சொல்லும், என்எஃப்எஸ்ஸின் எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலுக்கான மேன் பக்கத்தை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள், எப்படி எழுத வேண்டும் என்பதற்கு அது நல்ல பாடம். என்எஃப்எஸ் கருவிகளின் 1.0.0 பதிப்புவரை ஏசிங்க் (வட்டில் எழுதும் முன்பே பதில் சொல்வது) டிஃபால்ட், அதற்குப் பிறகு சிங்க் (எழுதிய பிறகே பதில் சொல்வது) என்று அதில் இருக்கிறது. சப்ட்ரீ சோதனை (கேட்ட ஃபைல் பகிர்ந்த ஃபோல்டருக்குள்தான் இருக்கிறதா என்று பார்ப்பது) 1.1.0 பதிப்பிலிருந்து டிஃபால்டாக நிறுத்தப்பட்டது என்றும் இருக்கிறது. முன்னே சொன்ன என்எஃப்எஸ்ஸின் 5-ஆம் பிரிவுப் பக்கத்தில் இன்டர் என்ற பழைய மவுண்ட் ஆப்ஷனைப் பற்றி, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 2.6.25-க்குப் பிறகு அது கண்டுகொள்ளப்படாது, பழைய அமைப்புகளுக்காக மட்டும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். பழையதை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் எழுதியிருந்தால், பத்து வருடப் பழைய சர்வரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது பொய்யாகிவிடும். எந்தப் பதிப்பிலிருந்து என்று சொன்னதால் இரண்டு பேருக்கும் உண்மையாக நிற்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். பதிப்பு எண் இல்லாத ஸ்கிரிப்ட் என்றால் இன்றே ஓர் எண் கொடுத்துவிடுங்கள்.

என் அப்பா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தார். வேலைக்கான ரேட் மாறினால், மறுநாள் காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) முன்னால் ஆபிஸ் பலகையில் இருந்த தாளை மாற்றிவிட்டுத்தான் செக்ரோல் என்ற சம்பளக் கணக்குப் புத்தகத்தைத் திறப்பார். பலகையில் பழைய ரேட்டும் புத்தகத்தில் புது ரேட்டும் இருக்க ஒரு நாளும் விட்டதில்லை. சம்பள நாளில் எதிரே நின்று கேட்பவர் பலகையைப் பார்த்துத்தான் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். மேன் பக்கத்துக்கும் அந்த முறைதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. பக்கத்தின் மூல ஃபைல் ஸ்கிரிப்ட் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். கட்டளையின் நடத்தையை மாற்றும் கமிட்டிலேயே, அதாவது அந்த மாற்றத்தைக் களஞ்சியத்தில் பதியும் அதே தடவையிலேயே, பக்கமும் மாற வேண்டும். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்ட பக்கத்தை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான். தனி விக்கியில் வைப்பது வசதியாகத் தெரியும், ஆனால் நெட்வொர்க் விழுந்த ராத்திரியில் அந்த விக்கியும் அதே சர்வரில்தான் இருக்கும். மேன் பக்கம் அந்த இயந்திரத்திலேயே இருக்கிறது, இணைப்பு இல்லாவிட்டாலும் திறக்கும்.

மனக் கட்டுப்பாட்டை மட்டும் நம்பவும் வேண்டாம். சின்னச் சோதனை ஒன்றைக் கமிட்டுக்கு முன் ஓடும்படி வையுங்கள். கட்டளையின் ஹெல்ப்பிலிருந்து ஆப்ஷன் பெயர்களை உருவி எடுத்து, பக்கத்தில் இருக்கும் ஆப்ஷன் பெயர்களோடு ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் கமிட்டை நிறுத்துவது. இருபது வரிக்கு மேல் போகாது. பெயர் விடுபடுவதை அது பிடிக்கும். அர்த்தம் மாறியதைப் பிடிக்காது, அதற்கு இன்னொரு கண் வேண்டும். ஹெல்ப்2மேன் என்ற கருவி ஹெல்ப் வெளியீட்டிலிருந்தே மேன் பக்கத்தை உருவாக்கித் தரும். முதல் வரைவுக்கு நல்லது. அதையே கடைசிப் பக்கமாக வைத்துக்கொண்டால், ஹெல்ப்பில் இல்லாத எதுவும் பக்கத்திலும் இருக்காது. அப்படியென்றால் நீங்கள் முதலில் கேட்ட கேள்வியே சரியாகிவிடும், ஹெல்ப்பே போதும்.

எந்தக் கருவியில் எழுதுவது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கவில்லை. என்எஃப்எஸ் கருவிகளின் பக்கங்கள் நேரடியாக ரோஃப் என்ற பழைய பக்க அமைப்பு மொழியின் குறிகளில் எழுதப்பட்டவை. அந்த மேன் குறித்தொகுதியை டக் மெக்கில்ராய் 1979-இல் வந்த யூனிக்ஸின் 7-ஆம் பதிப்புக்காக எழுதினார், இன்னும் அப்படியே வேலை செய்கிறது. மற்ற ஸ்டோரேஜ் கருவிகள் வேறு வேறு எழுத்து வடிவங்களை வைத்திருக்கின்றன: என்விஎம்இ கருவிகள் ஆஸ்கிடாக்கில் எழுதுகின்றன, சாம்பா டாக்புக்கில், ஓபன்இசட்எஃப்எஸ் எம்டாக்கில். உங்களுக்குப் பின் வருபவர் ரோஃப் தெரியாதவராக இருந்தால் மார்க்டவுன் என்ற எளிய வடிவத்தில் எழுதிப் பாண்டாக் என்ற கருவியைக் கொண்டு மாற்றுங்கள். அவர் பயப்படாமல் திருத்த முடிந்தால் போதும்.

ரோஃபில் நேரடியாக எழுதினால் இரண்டு பொறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள், இரண்டிலும் நான் மாட்டியிருக்கிறேன். ஒன்று, ஆப்ஷனுக்கு முன்னால் வரும் கோடு. மூலத்தில் வெறும் கோடு போட்டால், அது அச்சுக்கலையில் சொல்லை இணைக்கும் கோடு என்று ரோஃப் எடுத்துக்கொள்ளும். யூடிஎஃப்-8 திரையில் அது வேறோர் எழுத்தாக வெளிவரும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. பக்கத்திலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டினால், அப்படி ஓர் ஆப்ஷன் இல்லை என்று வரும். பின்சாய்கோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும். சில லினக்ஸ் விநியோகங்கள் இதைத் தாங்களே சரிசெய்து காட்டுகின்றன. அதனால் உங்கள் இயந்திரத்தில் சரியாக இருந்தது இன்னொரு இடத்தில் உடையும்.

இரண்டாவது இன்னும் மோசம். ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் ரோஃப் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத கட்டளை என்றால் வரியையே விழுங்கிவிடும். ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் இருந்தபடியே டேட்டாவைப் பிடித்துவைத்த நகல்) ஃபோல்டரின் பெயர் புள்ளியில் தொடங்குவது உங்களுக்குத் தெரியும். என் பக்கம் ஒன்றின் மூலத்தில் “இந்தக் கட்டளை” என்று ஒரு வரி முடிந்து, அடுத்த வரி அந்தப் புள்ளிப் பெயரோடு தொடங்கி “ஃபோல்டரில் இருப்பதையும் சேர்த்து அழிக்கும்” என்று இருந்தது. எடிட்டர் வரியை மடித்ததில் வந்த வினை. வெளிவந்த பக்கத்தில் அந்த எச்சரிக்கையே இல்லை. வரித் தொடக்கத்தில் பின்சாய்கோடும் ஆம்பர்சண்ட் குறியும் போட்டால் சரியாகிவிடும். ஒற்றை மேற்கோள்குறியில் தொடங்கும் வரிக்கும் இதே கதிதான். மூலத்தில் குறிப் பிழைகளைத் தேடும், மேன்டாக் கருவியின் லின்ட் சோதனையை ஓட்டுங்கள், மேன் கட்டளையின் எச்சரிக்கை ஆப்ஷனையும் போட்டுப் பாருங்கள். அதோடு விடாமல், உருவான பக்கத்தைத் திரையில் திறந்து ஒரு தடவை முழுக்கப் படியுங்கள்.

பெயர் தலைப்பின் கீழ் வரும் ஒற்றை வரியை அலட்சியமாக எழுதாதீர்கள். கட்டளைப் பெயர், ஒரு கோடு, சின்ன விளக்கம் என்ற அமைப்பு மாறக் கூடாது. அந்த வரியைப் படித்துத்தான் அப்ரோபோஸ் (சொல்லைக் கொண்டு மேன் பக்கம் தேடும் கட்டளை) தேடலுக்கான பட்டியல் உருவாகிறது. அமைப்பு தவறினால் பக்கம் இருந்தும் தேடலில் கிடைக்காது. ஆலையில் வேலை பார்ப்பவர் எந்தச் சொல்லைத் தட்டித் தேடுவார் என்று யோசித்து அந்தச் சொல்லை விளக்கத்தில் வையுங்கள். மேன் பக்கங்கள் எண்ணிட்ட பிரிவுகளில் இருக்கும். நிர்வாகக் கட்டளை என்பதால் இடம் 8-ஆம் பிரிவு. அமைப்பு ஃபைலுக்குத் தனிப் பக்கம் எழுதினால் அது 5-ஆம் பிரிவு.

ஆறு கட்டளைக்கு ஆறு பக்கமா, ஒரே பக்கமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து இல்லை. ஓபன்இசட்எஃப்எஸ் 2.0-இல் ஒரே பெரிய பக்கத்தைத் துணைக் கட்டளைக்கு ஒன்றாகப் பிரித்தார்கள், படிக்கச் சுலபமாக இருக்கிறது. ஐஸ்கசியின் நிர்வாகக் கட்டளை ஒரே பக்கத்தில்தான் இருக்கிறது. நான் பிரித்து எழுதுவேன், அது பழக்கம்தான். ஆனால் அந்த ஐஸ்கசி பக்கத்தில் ஒன்று கட்டாயம் பின்பற்ற வேண்டியது. கட்டளை முடியும்போது திருப்பும் எண்கள் ஒவ்வொன்றுக்கும் என்ன அர்த்தம் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். 15 என்றால் இணைப்பு ஏற்கெனவே இருக்கிறது. 21 என்றால் தேடியது ஒன்றும் இல்லை. இரண்டுமே பெரும்பாலும் ஆபத்தில்லாதவை. பூஜ்யம் அல்லாத எல்லாமே கோளாறு என்று எண்ணி எழுதிய ஸ்கிரிப்ட், ஒன்றுமில்லாததற்கு ராத்திரி இரண்டு மணிக்கு ஆளை எழுப்பும். 24 என்றால் அடையாளச் சோதனையில் தோல்வி, அதற்கு எழுப்பத்தான் வேண்டும். உங்கள் கட்டளைகள் திருப்பும் எண்களையும் இப்படி எழுதிவிடுங்கள்.

உதாரணங்களில் உங்கள் ஆலையின் உண்மையான ஐபி முகவரியைப் போடாதீர்கள். அவசரத்தில் இருப்பவர் உதாரணத்தை அப்படியே ஒட்டி ஓட்டிவிடுவார். அது வட்டின் இணைப்பைத் துண்டிக்கும் ஐஸ்கசி லாக்அவுட் கட்டளையாக இருந்து, மேலே எடைமேடை டேட்டாபேஸ் மவுண்ட் ஆகியிருந்தால், காலடியிலிருந்து வட்டையே உருவியதுபோல ஆகிவிடும். ஆவணங்களில் எழுதுவதற்கென்றே 192.0.2.0/24 என்ற முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். அழிக்கும் உதாரணத்துக்கு முன்னால் என்ன அழியும் என்று எழுதுங்கள், பின்னால் அல்ல. இடைவெளி முக்கியமான இடத்தில் இடைவெளியைப் பற்றி வாக்கியமாகவே எழுதுங்கள். எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலில் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் எழுதும் அனுமதி அந்த முகவரிக்குப் போகாது, எல்லோருக்கும் போய்விடும். அந்த முகவரிக்குக் கிடைப்பது டிஃபால்ட் மட்டும், படிக்கும் அனுமதி. அந்த ஃபைலைச் செயல்படுத்தும் எக்ஸ்போர்ட்எஃப்எஸ் கட்டளை ஓர் எச்சரிக்கை காட்டும், ஆனால் சர்வர் தானாகத் துவங்கும்போது அதைப் பார்க்க ஆள் இருக்காது.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் ராத்திரி ஷிப்டில் இருப்பவர்கள் மலாயும் தமிழும்தான் சரளமாகப் படிப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேன் கட்டளை மொழிவாரியாகப் பக்கங்களைத் தேடும். மலாய்க்கு என்று தனி ஃபோல்டர் வைத்து அதே பெயரில் பக்கம் போட்டால், மொழி அமைப்பைப் பார்த்து அதைத் திறக்கும். தமிழுக்கும் அப்படிச் செய்யலாம், ஆனால் சர்வரின் வெறும் கன்சோல் திரையில் தமிழ் எழுத்து வராது. அந்தத் திரையின் முன்தான் அவசரத்தில் நிற்போம் என்பதால், தமிழில் வேண்டியதைத் தாளில் அச்சிட்டு ரேக் கதவின் உட்புறம் ஒட்டுவதே நல்லது. தாளிலும் பக்கத்தின் தேதியைப் போடுங்கள். முழுப் பக்கத்தையும் மொழிபெயர்த்தால் இரண்டு பக்கங்களையும் நீங்களே பராமரிக்க வேண்டும், தனியாளுக்கு அது முடியாது. எச்சரிக்கைகளையும் மீட்கும் வழியையும் மட்டும் மொழிபெயர்ப்பேன்.

சரி, எங்கே தொடங்குவது? ஆறில் எது டேட்டாவை அழிக்கிறதோ அதிலிருந்து. பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் களையும் கட்டளை ஒன்று இருக்கிறது என்று சொன்னீர்களே, அதற்கு இந்த வாரம் எழுதுங்கள். தப்பான பக்கம் உள்ள இரண்டையும் அதற்கு அடுத்து எடுங்கள். திருத்தும்வரை அவற்றின் மேலே “இது பழைய பதிப்புக்கானது” என்று இன்றே ஒரு வரி போட்டுவிடுங்கள். எழுதி முடித்ததும், அதை எழுதாத ஒருவரை, முடிந்தால் ராத்திரி ஷிப்ட் எடைமேடைக் கிராணியை, ஒரு சோதனை இயந்திரத்தின் முன் உட்கார வையுங்கள். பக்கத்தை மட்டும் கொடுத்து, நேற்றைய ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள், வாய் திறக்காதீர்கள். அவர் எந்த வரியில் நின்று உங்களைத் திரும்பிப் பார்க்கிறாரோ, அந்த வரியைக் குறித்துக்கொண்டு திருத்தி எழுதுங்கள்.